சட்டியில் பாதி, வெயிலில் பாதி

(மாவட்ட நூலகம் ஒன்றின் கோடை முகாமில், கைவினை பழக வந்த பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் ஓய்வுபெற்ற கைத்தொழில் ஆசிரியை ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்.)



அழைப்பிதழில் ‘காகிதக் கூழ் பொம்மை செய்வது எப்படி’ என்று போட்டிருக்கிறார்கள். பொம்மையைப் பற்றி நான் இன்றைக்கு அதிகம் பேசப் போவதில்லை. பசையைப் பற்றித்தான் பேச்சு. ஏமாற்றமாக இருந்தால் பின்வரிசை வழியாகப் போய்விடலாம். நான் வகுப்பில்தான் கோபக்காரி, இங்கே இல்லை.

முப்பது வருஷத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் கைத்தொழில் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். பிள்ளைகள் செய்துவந்த வீங்கிய முகமூடிகள், மூக்கு தொங்கிய பிள்ளையார்கள், பூசணம் பூத்த யானைகள் எத்தனையோ பார்த்தாயிற்று. கைத்திறன் போதாமல் கெட்டவை அவற்றில் கொஞ்சம். பசையில் கெட்டவைதான் அதிகம். ‘டீச்சர், எந்தப் பசை நல்லா ஒட்டும்?’ என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். சோற்றைப் பிசைந்து தடவினாலும் தாள் ஒட்டும். ஒட்டாமல் போய் ஒரு பொம்மை கெட்டு நான் பார்த்த ஞாபகம் இல்லை. உலராமல் கெட்டதைத்தான் வருஷா வருஷம் பார்த்தேன்.

இந்த வேலையை எனக்கு முதலில் காட்டியது பள்ளிக்கூடம் இல்லை, என் அப்பத்தா. சிவகங்கைப் பக்கம் கிராமம். சந்தையிலிருந்து புதிதாக மூங்கில் சொளகு வாங்கி வந்தால் (வடக்கே உள்ளவர்கள் முறம் என்பீர்கள்) அதை அப்படியே புடைக்க எடுக்க மாட்டாள். பின்னல் இடுக்கில் குருணை இறங்கும், கடுகு தங்காது. அதற்காக வீட்டில் கிடக்கிற பழைய செய்தித்தாள், மளிகைக் கடைப் பொட்டலத் தாள், என்னுடைய போன வருஷத்து நோட்டு எல்லாவற்றையும் கிழித்து அண்டாவில் ஊறப் போடுவாள். தனியாக ஒரு கிண்ணத்தில் வெந்தயம் ஊறும். மறுநாள் இரண்டையும் ஆட்டுரலில் போட்டு ஆட்டுவாள். மை கலந்த சாம்பல் நிறத்தில், இட்லி மாவு பதத்தில், தொட்டால் வழுக்குகிற ஒரு கூழ் வரும். அதைச் சொளகின் இரண்டு பக்கமும் அப்பி, உள்ளங்கையைத் தண்ணீரில் நனைத்து நனைத்து மெழுகி, முற்றத்தில் காயப் போடுவாள். இரண்டு மூன்று நாளில் சொளகைச் சுண்டினால் பலகையைத் தட்டியது போலச் சத்தம் வரும். ஓட்டை விழுந்த நார்ப்பெட்டிக்கும் இதே வைத்தியம்தான்.

“எம்புட்டு வெந்தயம் அப்பத்தா?” என்று கேட்டேன்.

“அளவு என்னடி அளவு? கைக்கு வழுவழுன்னு வந்தாப் போதும். கசப்புக்குப் பூச்சி அண்டாது.”

அப்போது நான் கவனிக்காத ஒன்று உண்டு. தாளை ஊறப் போடுவதற்கு முன்னால் அவள் முற்றத்துக்கு வந்து ஒரு நிமிஷம் வானத்தைப் பார்ப்பாள். மேகம் இருந்தால் அன்றைக்கு அந்த வேலை கிடையாது. ஐப்பசியில் ஒரு நாளும் தொடங்கியதில்லை. இதை நான் புரிந்துகொள்ள இருபது வருஷமும் ஒரு பூமி உருண்டையும் தேவைப்பட்டன. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

மாவுப் பசை தாளை ஏன் இவ்வளவு இறுகப் பிடிக்கிறது? தாள் என்பது செடியின் நார். நார் என்பது செல்லுலோஸ். குளுக்கோஸ் என்கிற ஒரே சர்க்கரையை மணி மணியாகக் கோத்த சங்கிலி அது. மாவில் இருக்கும் மாவுச்சத்தும் அதே குளுக்கோஸைக் கோத்த சங்கிலிதான். கோக்கிற விதம்தான் வேறு. கோத்த விதத்தால் ஒன்று நமக்குச் செரிக்கிறது, மற்றொன்று மாட்டுக்குத்தான் செரிக்கும். ஆனால் இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். ஈரத்தில் அருகருகே கொண்டுபோய் வைத்தால் ஒன்றையொன்று தேடிப் பிடித்துக்கொள்ளும். நடுவில் இருக்கும் தண்ணீர் ஆவியாகிப் போகப் போக இரண்டும் நெருங்கும். தண்ணீர் முழுக்கப் போன பிறகுதான் பிடி இறுகும். அதுவரை நீங்கள் பார்ப்பது ஒட்டல் அல்ல, வெறும் பிசுபிசுப்பு.

சுவரொட்டி ஒட்டுகிறவர்கள் வாளியில் கொண்டுவருவதும் மைதாப் பசைதான். மறுநாள் காலையில் மாடு வந்து தலைவர் படத்தைச் சுவரோடு நக்கித் தின்பதைப் பார்த்திருப்பீர்கள். அதற்குக் கட்சி பேதம் கிடையாது. அதன் கணக்கில் அது நாரும் மாவும் சேர்ந்த தீவனம்.

இப்போது அடுப்படிக்குப் போவோம். பச்சை மாவைத் தண்ணீரில் கரைத்து அப்படியே தடவுகிறவர்கள் உண்டு. வெளிநாட்டுப் புத்தகங்களில் அந்த முறைதான் அதிகம். ஒரு பங்கு மாவுக்கு ஒரு பங்கு அல்லது ஒன்றரைப் பங்கு தண்ணீர். சீக்கிரம் ஆகிற வேலை, பிள்ளைகள் கையைச் சுட்டுக்கொள்ள மாட்டார்கள். ஆனால் எனக்கு அது பிடிப்பதில்லை. பச்சை மாவில் மாவுச்சத்து குருணை குருணையாக, மூடிய மூட்டை போலக் கிடக்கும். தண்ணீர் உள்ளே போகாது. உலர்ந்தால் தாளின் மேல் வெள்ளைப் பொடியாகப் படியும், விரலால் தேய்த்தால் உதிரும். சூடு ஏறி சுமார் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போதுதான் கோதுமை மாவின் அந்த மூட்டைகள் தண்ணீரைக் குடித்து உப்பி, அவிழ்ந்து, உள்ளிருக்கும் சங்கிலிகளை வெளியே விடும். அரிசி மாவுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதல் சூடு வேண்டும். கஞ்சி காய்ச்சுகிற எல்லோருக்கும் இந்த நேரம் தெரியும். பால் போல வெளுப்பாக, தண்ணியாக ஓடிக்கொண்டிருப்பது திடீரென்று கரண்டியைப் பிடித்து இழுக்கும். நிறம் மங்கி, கண்ணாடி போல ஒரு பளபளப்பு வரும். பசை பிறந்தது அப்போதுதான்.

என் அளவு இது. ஒரு டம்ளர் மைதா. அதை ஒரு டம்ளர் பச்சைத் தண்ணீரில் முதலில் கரைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் மாவைக் கொட்டாதீர்கள். மாவில் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் குழையுங்கள். கட்டி தட்டுவது இந்த இடத்தில்தான், அடுப்பில் இல்லை. இன்னொரு சட்டியில் நான்கு டம்ளர் தண்ணீர் கொதிக்கட்டும். அடுப்பைத் தணித்து, கரைசலை மெல்லிய தாரையாக விட்டுக்கொண்டே கிண்டுங்கள். பளபளப்பு வந்த பிறகும் மூன்று நிமிஷம் விடாமல் கிண்ட வேண்டும். கேழ்வரகுக் களி கிண்டியவர்களுக்குத் தோள் பழகியிருக்கும். சிறு கட்டி மிஞ்சினால் டீ வடிகட்டியில் ஊற்றி, கரண்டியால் தேய்த்து வடித்துவிடுங்கள். ஆறும்போது இன்னும் இறுகும், மேலே ஆடை படியும். அதனால் அடுப்பில் இருக்கும்போது ‘கொஞ்சம் தண்ணியாக இருக்கிறதே’ என்று தோன்றுகிற பதத்தில் இறக்குவதுதான் சரி. தோசை மாவைவிடத் தளர்வு, ரசத்தைவிடக் கெட்டி. இறக்கியதும் ஒரு தட்டால் மூடிவிட்டால் ஆடை அவ்வளவாகக் கட்டாது.

மைதாவுக்குப் பதில் வேறு மாவு கூடாதா என்றால், தாராளமாகக் கூடும். கோதுமையில் புரதம் இருக்கிறது, பிசைந்தால் இழுக்குமே அது. அதனால் பிடிப்பு கொஞ்சம் முரட்டுத்தனமாக இருக்கும். மரவள்ளி மாவுப் பசை நன்றாகத் தெளிந்து, கண்ணாடி மாதிரி வரும். வண்ணத்தாள் ஒட்டும்போது கறை தெரியாது. சேலம் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம், ஜவ்வரிசி பிறக்கிற ஊர். ஜவ்வரிசியைக் குழைய வேகவைத்து மசித்தாலும் பசைதான். அரிசிப் பசை மெல்லிய தாளுக்கு நல்லது. பட்டம் ஒட்டியவர்களைக் கேளுங்கள். புளியங்கொட்டையை வறுத்து, தோல் நீக்கி, மாவாக்கிக் காய்ச்சினால் வருகிற பசை இவை எல்லாவற்றையும்விட வலு. ஆனால் வறுத்துத் தோல் உரிக்கிற பாட்டுக்குப் பயந்து நான் இரண்டு முறைக்கு மேல் செய்ததில்லை. நெசவாளர் தெருக்களில் விடியற்காலையில் பாவு நூலை நீட்டிக் கட்டிக் கஞ்சி போடுவதைப் பார்த்தவர்கள் இங்கே இருப்பீர்கள். அந்தக் கஞ்சியும் நம் சட்டியில் இருப்பதற்கு ஒன்றுவிட்ட தம்பி.

வெந்தயத்தின் சங்கதி தனி. அதற்கு அடுப்பே வேண்டாம். விதையின் எடையில் கிட்டத்தட்டப் பாதி நார்ச்சத்து. அதில் ஒரு பகுதி பச்சைத் தண்ணீரிலேயே உப்பி வழுவழுப்பாகிவிடும். ராத்திரி ஊறப்போட்டுக் காலையில் தொட்டுப் பார்த்தால் தெரியும். விறகு மிச்சம் பிடித்த அப்பத்தாவுக்கு வேதியியல் தெரியாவிட்டாலும் அடுப்புச் செலவு தெரியும்.

கடையில் விற்கிற வெள்ளைப் பசை, அதுதான் நாம் எல்லாவற்றையும் ஃபெவிகால் என்றே சொல்கிறோமே, அதைத் தண்ணீர் கலந்து பயன்படுத்தலாமா? கலக்கலாம். பாதிக்குப் பாதி. பூச்சி வராது, பூசணம் எளிதில் பிடிக்காது, காய்ந்தால் ஈரத்துக்கு அவ்வளவாக இளகாது. பொம்மையின் மேல் அடுக்கடுக்காகத் தாள் ஒட்டும்போது, கடைசி அடுக்குக்கு நானும் அதைத்தான் தடவுகிறேன். ஆனால் நாற்பது பிள்ளைகள் இருக்கிற வகுப்பில் எல்லா அடுக்குக்கும் அதை வாங்கிக் கட்டுப்படி ஆகாது. மூன்று வயதுக் குழந்தை விரலை வாயில் வைக்கிற இடத்தில் எனக்கு மைதாவே மேல்.

இனிமேல் பூமி உருண்டை.

நான் வேலைக்குச் சேர்ந்து சில வருஷம் ஆகியிருந்தது. பள்ளிக்கூடத்தின் பெயர் வேண்டாம். அறிவியல் கண்காட்சிக்குப் பெரிய பூமி உருண்டை செய்வதாக நான் தலைமையாசிரியரிடம் வாக்குக் கொடுத்துவிட்டேன். நவம்பர் மாதம். கடற்கரைப் பலூன்காரரிடம் இருப்பதிலேயே பெரிய பலூனை வாங்கி ஊதி, பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்து, காலை பத்து மணிக்குத் தாள் ஒட்ட ஆரம்பித்தோம். உற்சாகம் தாங்கவில்லை. சாயங்காலத்துக்குள் எட்டு அடுக்கு. மூன்று சட்டி பசை காலி. மறுநாள் மின்விசிறிக்கு அடியில் வைத்தோம். மூன்றாம் நாள் தட்டிப் பார்த்தால் மேல்பக்கம் கெட்டியாக இருந்தது. கடல் நீலம், கண்டம் பச்சை என்று வண்ணமும் பூசிவிட்டோம்.

கண்காட்சிக்கு முந்தின நாள் வகுப்பறையில் புளித்த வாடை. யாரோ சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துவிட்டார்கள் என்று பையன்களைத் திட்டினேன். பிறகு பார்த்தால் தென் அமெரிக்கா உள்ளே அமுங்கிக்கொண்டிருந்தது. உள்ளே பலூன் சுருங்கிவிட்டது. அதைத் தாங்க வேண்டிய தாள் இன்னும் ஈரம். கத்தியால் கீறித் திறந்தேன். வெளி அடுக்கு இரண்டும் அட்டை மாதிரி. உள்ளே இருந்த ஆறும் பிசைந்த பழைய சோறு. கறுப்பும் பச்சையுமாகப் பூசணம். ஒரு பெண் சத்தமாக, “டீச்சர், பூமிக்குள்ள புழு!” என்றாள். சின்னச் சின்ன வெள்ளைப் புழுக்கள், உண்மைதான். அந்த வருஷம் எங்கள் பள்ளியிலிருந்து கண்காட்சிக்குப் போனது எலுமிச்சம்பழ மின்கலம்.

ராத்திரி வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஒரு சட்டிப் பசையில் மாவு ஒரு டம்ளர், தண்ணீர் ஐந்து டம்ளர். மூன்று சட்டி என்றால் பதினைந்து டம்ளர் தண்ணீர். ஒரு குடத்தில் கால்வாசியாவது வரும். அத்தனை தண்ணீரையும் ஒரே நாளில் அந்த உருண்டைக்குள் கொண்டுபோய் வைத்து, மேலே இரண்டு அடுக்குக் காய்ந்த தாளை மூடியாகப் போட்டு, அதற்கு மேல் வண்ணமும் பூசி அடைத்திருக்கிறேன். ஐப்பசி ஈரக்காற்றில் அது எங்கே போகும்? தண்ணீர், மாவு, இருட்டு, மிதமான சூடு. பூசணம் வளர இதைவிட நல்ல இடத்தை நான் கட்டிக் கொடுத்திருக்க முடியாது. அப்பத்தா வானத்தைப் பார்த்தது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

அதற்குப் பிறகு என் வகுப்பில் ஒரே சட்டம். ஒரு நாளைக்கு இரண்டு அடுக்கு. பிள்ளைகள் எவ்வளவு கெஞ்சினாலும் மூன்றாவது கிடையாது. அடுத்த அடுக்கு போடும் முன் பொம்மையைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் தண்ணீர் ஆவியாகிக்கொண்டிருக்கிறது என்று பொருள். விரலை விடக் கன்னம் நன்றாகச் சொல்லும். நம் பங்குனி, சித்திரை வெயிலில் அரை நாளிலேயே காய்ந்துவிடும். ஆனால் சுட்டெரிக்கிற உச்சி வெயிலில் பலூனோடு வைக்காதீர்கள், உள்ளே காற்று விரிந்து அடுக்குகளைப் பிளந்துவிடும். காற்றோட்டமான நிழலில் ஆரம்பித்து, பாதி காய்ந்த பிறகு வெயிலுக்குக் கொண்டுபோங்கள். காயும் நேரத்தில் புரட்டிப் புரட்டி வையுங்கள், அப்பளம் மாதிரி. பலூனை எடுத்த பிறகு உள்பக்கமும் காய ஒரு நாள் தாருங்கள். எல்லாம் முடிந்து இன்னும் இரண்டு நாள் பொறுத்து வண்ணம் பூசினால் ஒன்றும் குடி முழுகிப் போகாது.

எந்த இடத்தில் எத்தனை அடுக்கு என்பது குழம்பிப் போகும். அதற்கு ஒரு உபாயம்: ஒரு அடுக்கு தமிழ்ப் பத்திரிகை, அடுத்தது ஆங்கிலப் பத்திரிகை. விட்டுப்போன இடம் உடனே கண்ணில் படும். தாளைக் கத்தரிக்காதீர்கள், கிழியுங்கள். வெட்டிய ஓரம் படி போல நிற்கும். கிழித்த ஓரத்தில் நார் சிலிர்த்து நின்று அடுத்த தாளோடு பின்னிக்கொள்ளும். செய்தித்தாளை ஒரு பக்கமாகக் கிழித்தால் நூல் பிடித்தது போல நேராக வரும், மறுபக்கமாகக் கிழித்தால் கோணிக்கொண்டு போகும். ஆலையில் எந்திரம் ஓடுகிற திசையிலேயே நார்கள் படுத்துவிடுவதால் வருவது அது. ஒரு அடுக்கு நெடுக்காக, அடுத்தது குறுக்காக ஒட்டினால் நாலாபுறமும் சம வலு. பளபளப்பான வாரப்பத்திரிகைத் தாள் வேண்டாம். அதன் மேல்பூச்சு பசையை உள்ளே விடாது.

தாளைப் பசையில் முக்கிய பிறகு இரண்டு விரலுக்கு நடுவே இழுத்து வழித்துவிட வேண்டும். ‘நிறைய பசை, நல்ல ஒட்டல்’ என்று நினைக்கிற பிள்ளைகளிடம் நான் சொல்வது: தாள் நனைந்திருந்தால் போதும், சொட்டக் கூடாது. சொட்டுவதெல்லாம் நாளைக்கு வெளியேற வேண்டிய தண்ணீர்.

இனிப் பூச்சியும் பூசணமும். பசை என்றால் உணவு என்று சொன்னேன். நமக்கு மட்டுமில்லை, கரப்பானுக்கும் அதுதான் விருந்து. பழைய புத்தகங்களின் முதுகை அது சுரண்டித் தின்பது அங்கே இருக்கும் பசைக்காக. அதற்காகத்தான் புத்தகம் பைண்டு செய்கிறவர்களும் சுவரொட்டிக்காரர்களும் பசையில் மயில்துத்தம் கலப்பார்கள். நல்ல நீலம், நல்ல காவல். ஆனால் அது விஷம். பெரியவர்கள் தொழிலுக்குச் செய்வது வேறு. பிள்ளைகள் கை வைக்கிற சட்டியில் துத்தத்தைப் போடவே கூடாது என்பது என் கண்டிப்பான அபிப்பிராயம். அந்தச் சட்டியைத் திரும்பச் சமையலுக்கு எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

உப்பு போடலாம் என்பார்கள். ஒரு சட்டிக்கு இரண்டு தேக்கரண்டி. பூசணத்தைத் தள்ளிப்போடும், மறுக்கவில்லை. ஆனால் உப்பு ஈரத்தை இழுக்கும் என்பதை மழைக்காலத்து உப்பு ஜாடியைத் திறந்தவர்கள் அறிவார்கள். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி மாதிரிக் கடலோரத்தில் உப்பு போட்ட பொம்மை அடைமழையில் வியர்க்கும். மதுரை, கரூர் போன்ற வறண்ட ஊர்களுக்குச் சரி. படிகாரம் சேர்ப்பதும் பழைய வழக்கம். அது புளிப்புத் தன்மை உள்ளது, வருஷக்கணக்கில் தாளை நொறுங்க வைக்கும். இரண்டு சொட்டுக் கிராம்புத் தைலம் போதும், வாடையும் நன்றாக இருக்கும். எல்லாவற்றையும்விட நல்ல காவல், பசையை அன்றன்றைக்குக் காய்ச்சுவது. குளிர்பெட்டியில் வைத்தால் மூன்று நான்கு நாள் தாங்கும். புளித்த வாடை வந்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். காசு போனதே என்று அதைத் தடவினால் பூசணத்தை நீங்களே விதைத்ததாகிவிடும்.

இதுவரை சொன்னது தாளைத் துண்டு துண்டாக ஒட்டுகிற முறை. கூழாக்கி வனைவது இன்னொன்று. பெரிய பத்துத் தாளைத் தபால்தலை அளவில் கிழித்து ராத்திரி முழுக்க ஊறவையுங்கள். காலையில் இருபது நிமிஷம் கொதிக்க வையுங்கள். மிக்ஸியில் ஒரு கைப்பிடித் தாளுக்கு முக்கால் ஜாடி தண்ணீர். பேராசைப்பட்டு நிறையப் போட்டால் மோட்டார் கருகும், இதற்கும் எனக்கு அனுபவம் இருக்கிறது. அரைத்ததைப் பழைய வேட்டித் துணியில் கட்டிப் பிழிந்தால் புட்டு மாவு போல உதிரி உதிரியாக நிற்கும். அதில் காய்ச்சிய பசையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துச் சப்பாத்தி மாவு பதத்துக்குப் பிசையுங்கள். இரண்டு கைப்பிடி சுண்ணக்கட்டித் தூள் சேர்த்தால் காயும்போது அவ்வளவாகச் சுருங்காது. தூள் தண்ணீர் இல்லையே, இருந்த இடத்திலேயே இருக்கும். மிஞ்சிய கூழைப் பிழிந்து, வடையாகத் தட்டிக் காயவைத்து எடுத்து வையுங்கள். அடுத்த வருஷம் ஊறவைத்தால் மறுபடி கூழ்.

கரூர் அருகே காகிதபுரத்தில், 1979இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய நிறுவனத்தின் ஆலையில், கரும்புச் சக்கையைக் கூழாக்கித் தாள் செய்கிறார்கள். சாறு பிழிந்து எறிந்த சக்கை அங்கே தாளாகிறது. அந்தத் தாளை நாம் மிக்ஸியில் போட்டு மறுபடி கூழாக்குகிறோம். ஒவ்வொரு முறை அரைக்கும்போதும் நார் குட்டையாகும். அதனால்தான் பழைய தாளைக் கூழாக்கிச் செய்த முட்டை அட்டையை அரைத்தால் மிருதுவாக, வனைய இதமாக இருந்தாலும் வலு குறைவு. பாதி முட்டை அட்டை, பாதி செய்தித்தாள் என்று கலந்து பாருங்கள்.

இந்த வேலையை உயரத்துக்குக் கொண்டுபோனவர்கள் காஷ்மீரத்துக் கைவினைஞர்கள். ஶ்ரீநகரில் இது இரண்டு தொழில். கூழை வனைந்து உருவம் செய்கிறவர் ஸக்தாசாஸ், அதன் மேல் சித்திரம் எழுதுகிறவர் நக்காஷ். தாளை நாள்கணக்கில் ஊறவைத்து, கல் உரலில் இடித்து, அரிசிப் பசையோடு சேர்ப்பார்கள். அந்தப் பசைக்கு அங்கே அதீஜ் என்று பெயர். அச்சின் மேல் அப்பிக் காயவிட்டு, காய்ந்ததும் ரம்பத்தால் இரண்டாக அறுத்து அச்சைக் கழற்றி, மறுபடி ஒட்டி, ஓரம் தெரியாமல் தேய்ப்பார்கள். பெட்டி, கிண்ணம், பேனாக்கூடு எல்லாம் இப்படி. நம் பலூன் வேலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள், அவர்கள் எங்கே பொறுமை காக்கிறார்கள் என்று. ஊறுவதற்கும் காய்வதற்கும்தான் அவர்கள் நாள்களைச் செலவழிக்கிறார்கள். கலக்குவது கொஞ்ச நேரம்.

காகிதக் கூழ் பொம்மைக்கு நமக்கும் பண்ருட்டியும் காஞ்சிபுரமும் இருக்கின்றன. கொலுவில் மண் பொம்மையையும் காகிதக் கூழ் பொம்மையையும் கையில் எடுத்துப் பார்த்தால் எடையிலேயே தெரிந்துவிடும். அச்சின் இரண்டு பாதியிலும் பசைத் தாளையோ கூழையோ அழுத்தி, காயவைத்து, பொருத்தி, மேலே வெள்ளை பூசி, பிறகு வண்ணம். பரணிலிருந்து கை தவறி விழுந்தாலும் கொஞ்சம் நசுங்குமே தவிர சுக்குநூறாகாது. தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையில் அந்த லேசுதான் சூட்சுமம். அடி உருண்டையாகவும் கனமாகவும் இருக்க வேண்டும், மேல் உடம்பு பூப்போல இருக்க வேண்டும். அப்போதுதான் எவ்வளவு சாய்த்தாலும் எழுந்து நிற்கும். 2008–09இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

தாள் பொம்மைக்குத்தானே என்று இளக்காரமாக நினைக்கிறவர்களுக்கு இரண்டு தகவல். பிரான்ஸில் லூயி ஓசூ (1797–1880) என்ற மருத்துவர் காகிதக் கூழில் மனித உடலைச் செய்தார். நுரையீரல், குடல், கண் என்று ஒவ்வொன்றையும் கழற்றி மாட்டலாம். பிணம் கிடைக்காத, கிடைத்தாலும் அழுகிப் போகிற அந்தக் காலத்தில் மருத்துவ மாணவர்கள் பலர் உடற்கூறு படித்தது அந்தப் பொம்மைகளில். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனில் போர் விமானங்களுக்குத் தாளை அடுக்கடுக்காக ஒட்டிக் கூடுதல் எரிபொருள் தொட்டி செய்தார்கள். ஒன்றில் சுமார் 400 லிட்டர் பெட்ரோல் கொள்ளும். சில மணி நேரம்தான் தாங்கும், பிறகு இளகிவிடும். காலியானதும் கழற்றிக் கீழே போட்டுவிட்டுப் போகிற தொட்டிக்கு அது போதும். அந்தப் பசை நம் மைதா இல்லை, பிசின். அடுக்கு மட்டும் நம்முடையதுதான்.

கடைசியாக, எப்போது தொடங்குவது என்பது. ஆசிரியர்கள் சிலர் நவராத்திரிக்கு முந்தின வாரம் பிள்ளைகளைக் கூட்டிவைத்துக் கொலுப் பொம்மை வேலையை ஆரம்பிக்கிறார்கள். அது புரட்டாசி, மழை எட்டிப் பார்க்கிற சமயம். இந்தக் கூட்டத்தைச் சித்திரையில் வைக்கச் சொல்லி நான் நூலகரிடம் அடம்பிடித்ததற்குக் காரணம் அதுதான். உருவத்தை இன்றைக்கே தொடங்கிவிடுங்கள். காய்ந்ததும் பெட்டியில் வேப்பிலையோடு போட்டு வைத்து, வண்ணத்தை ஆவணியில் பூசிக்கொள்ளலாம்.

மேசையில் இரண்டு சட்டி வைத்திருக்கிறேன். இடது பக்கம் இருப்பது நேற்றுக் காலையில் காய்ச்சியது, வலது பக்கம் இன்றைக்குக் காய்ச்சியது. இரண்டையும் முகர்ந்து பார்த்துவிட்டு, எதில் தாளை முக்குவது என்று நீங்களே முடிவு செய்யுங்கள். நடுவில் இருக்கிற சொளகு அப்பத்தாவினுடையது. சுண்டிப் பார்க்கலாம், தூக்கிக்கொண்டு போய்விடக் கூடாது. கை கழுவ வாளி வாசலில் இருக்கிறது. பசைத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றிவிடாதீர்கள், குழாய் அடைத்துக்கொள்ளும். வேப்பமரத்தடியில் ஊற்றுங்கள். வெயில் நாலு மணி வரைக்கும்தான் இருக்கும், சீக்கிரம் வாருங்கள்.